நடுவில் வளைகிற கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். அது பாதிதான் உண்மை. சோற்றில் உப்பு இல்லையென்றால் எனக்குக் கோபம் வராது, வெளிச்சம் சரியில்லையென்றால் வரும். இருபத்திரண்டு வருஷமாக விளக்குக் கடை நடத்துகிறேன். ஒரு பல்பை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தால் போதும், அதன் வண்டவாளம் முழுவதையும் சொல்லிவிடுவேன்.

என் மனைவிக்கு நெயில் ஆர்ட் தொழில். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, சுவரில் வரிசையாக நகப்பூச்சுப் புட்டிகள், அவ்வளவுதான். ஆனால் வேலை இருக்கிறதே, அடேயப்பா! நாலே நாலு மயிர் உள்ள பிரஷை வைத்துக்கொண்டு சுண்டுவிரல் நகத்தில் ஒரு மயில் வரைவாள். மயிலுக்குக் கண் இருக்கும், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. மைனஸ் பத்து. தூரத்தில் யானை நின்றாலும் கண்ணாடி இல்லாமல் தெரியாது. கிட்டத்தில் கதையே வேறு. முதலில் எல்லாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரில் இருப்பவரின் விரலை மூக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வரைவாள். "அக்கா விரல்ல வரையுதா, விரலை மோந்து பாக்குதா?" என்று மைத்துனன் கேலி செய்வான். அப்படிக் குனிந்து குனிந்துதான் கழுத்து வலி வந்தது. நகப்பூச்சின் நெடியும் நேராக மூக்கில் ஏறியது. அப்போதுதான் நான் இதில் தலையிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய, மேஜையோரத்தில் கவ்விப் பிடிக்கிற விளக்கு ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். நடுவில் பூதக்கண்ணாடி, அதைச் சுற்றி வளையமாக விளக்கு. மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"என்னங்க, அந்த லென்ஸ்ல கோடு வளையுது."

"பிளாஸ்டிக் லென்ஸ் அப்படித்தான்மா. ஓரத்துல வளைக்கும். நகத்தை நடுவுல வச்சுப் பாரு."

"நடுவுலதாங்க வளையுது."

"நடுவுல எந்த லென்ஸும் வளைக்காது. நீ சரியா வைக்கல."

லென்ஸ் ஓரத்தில்தான் வளைக்கும், நடுவில் வளைக்காது. இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இவள் நடுவில் வளைகிறது என்கிறாள். அப்படியானால் குற்றம் லென்ஸில் இல்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் லென்ஸ் விற்றவனிடம் போய்க் கத்தினேன்.

பிளாஸ்டிக்கை மாற்றிக் கண்ணாடி லென்ஸ் வந்தது. மாட்டுவதற்கு முன் நானே ஒரு கட்டம் போட்ட தாளை அதன் கீழே வைத்துப் பார்த்தேன். கோடுகள் அம்பு மாதிரி நின்றன. இரண்டு வாரம் குறை சொல்லாமல் இருந்தாள். அப்புறம், "நடுவுல ஏதோ கறை இருக்குங்க, தொடைச்சாலும் போக மாட்டேங்குது" என்றாள். நான் லென்ஸைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சரி, இது நிழல் என்று முடிவு கட்டினேன். வளைய விளக்கு நேர் மேலே இருப்பதால் அவள் கையின் நிழலே நகத்தில் விழுகிறது. எனவே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு விளக்குகள். அவற்றில் மஞ்சள் வெளிச்சம் போட்டால் சிவப்பெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது. நீலம் கலந்த வெள்ளை போட்டால் தோலின் நிறம் செத்துப்போயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஐயாயிரம் கெல்வின், பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், நிறத்தை உள்ளபடி காட்டுகிற பல்பாகத் தேடிப் பிடித்தேன். விளக்கு மிக அருகில் இருந்ததால் பிரஷில் இருந்த, வெளிச்சம் பட்டால் இறுகுகிற ஜெல் பூச்சு நகத்துக்குப் போகும் முன்பே கெட்டியாக ஆரம்பித்தது. விளக்கை ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதுதான் கொடுமை.

"மாமா, அக்காவுக்கு லைட் போடுறீங்களா, சினிமா ஷூட்டிங் எடுக்குறீங்களா?" என்றான் மைத்துனன்.

"வாயை மூடுடா. உனக்கு என்ன தெரியும்?"

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் ஏமாந்தேன்.

அப்புறம் ஐந்து மடங்கு லென்ஸ். மடங்கு கூடினால் கிட்டே போகவேண்டும், ஒரே ஒரு நகம்தான் கண்ணில் படும், கொஞ்சம் அசைந்தாலும் மங்கிவிடும். அதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. கடைசியாக, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் ஒற்றைக் கண்ணில் மாட்டுவார்களே, அந்த லென்ஸை வாங்கிவந்தேன். ஏழு மடங்கு.

"எந்தக் கண்ணுலங்க மாட்டணும்?"

"வரையிற கை வலது. கண்ணும் வலதுதான். இதுல என்ன கேள்வி?"

அதற்கு முன் அவள் இரண்டு கண்ணாலும் பார்த்து வரைந்தாள். ஒரு கண் தடுமாறினாலும் இன்னொரு கண் இழுத்துப் பிடித்தது. அந்தத் துணையையும் நான் பிடுங்கிவிட்டேன். இது பிறகு தெரிந்த சங்கதி. அன்றைக்கு, எடுத்த காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். முன்னறையில் கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். இவளிடம் வருஷக்கணக்காக வருகிறவர், வெடுக்கென்று பேசுவார், மனசு சுத்தம். பள்ளிக்கூடத்தில் ஏதோ கண்காட்சியாம். பத்து விரலிலும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி வேண்டும் என்று கேட்டு, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நடுவுல கோடெல்லாம் வயிறு தள்ளி நிக்குதே?" என்ற டீச்சரின் குரல் கேட்டது.

"நேராத்தானே டீச்சர் இருக்கு?"

"எங்க நேரா இருக்கு?"

நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். டீச்சரின் விரல்களைப் பார்த்தேன். பத்து நகத்திலும் ஓரத்துக் கோடுகள் ஒழுங்காக இருந்தன. நடுக்கோடுகள் மட்டும் ஒரே பக்கமாகப் பிதுங்கி நின்றன. ஒரு நகத்தில் தவறினால் கை நடுங்கியது எனலாம். பத்திலும் ஒரே மாதிரி வளைவு.

"இது எப்படி உனக்கு நேரா தெரியுது? லென்ஸைக் குடு!"

வாங்கி என் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். வளைவு ஏழு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. "நல்லாத்தானே இருக்கு லென்ஸு? நீ என்னதான் பார்த்துப் போட்ட?" என்று டீச்சரின் முன்னாலேயே கத்திவிட்டேன். அவளுடைய வலது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழுகையா, காலையிலிருந்து உற்றுப் பார்த்த களைப்பா, தெரியவில்லை.

"அந்தக் கண்ணு கலங்கியிருக்கு. இந்தக் கண்ணுல மாட்டிப் பாரு" என்று லென்ஸை அவளுடைய இடது கண்ணில் வைத்தேன்.

டீச்சரின் கட்டை விரலைப் பிடித்துக் குனிந்தாள். அப்படியே இருந்தாள். அடுத்த விரல். அடுத்த விரல். பிறகு லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஐயோ. இதையா நான் போட்டேன்?"

டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். "இடது கண்ணை மூடிக்கிட்டு இதைப் பாருங்க மேடம். எப்படி இருக்கு?"

"நடுவுல வளையுது. அதைத்தான் நான் எட்டு மாசமா இவர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். "சார், நேரா இருக்குறது அவங்க கண்ணுக்கு வளைஞ்சு தெரியுது. அதனால, வளைச்சுப் போட்டாத்தான் அவங்களுக்கு நேரா தெரியும். இது கண்ணு சார். லென்ஸ் இல்ல. இப்பவே கிளம்புங்க."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். படம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். சின்னப் பெண், எங்கள் கடைசிப் பெண்ணின் வயதுதான் இருக்கும். ஒரு கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணில் எல்லாம் ஒழுங்கு. வலது கண்ணில் நடுக் கட்டங்களே இல்லை என்றாள் இவள். அதைச் சுற்றியிருந்தவை நெளிந்து கிடந்தன.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"ஒரு பதினஞ்சு நாளா இருக்கும் டாக்டர்" என்றாள் என் மனைவி.

நான் வாயைத் திறந்தேன். அவள் மேஜைக்குக் கீழே என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "பதினஞ்சு நாள்ல இவ்வளவு தழும்பு வராதே? சரியா சொன்னாத்தான்மா வைத்தியம் சரியா பண்ண முடியும்."

"எட்டு மாசம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எட்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா டாக்டர். நான்தான் லென்ஸ் மாத்திக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பவர் உள்ள கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்துவிடும், அதன் அடியில் ரத்தக்குழாய் முளைத்துக் கசியும் என்று விளக்கினார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது ஊசி போடுவது கசிவு மேலும் பரவாமல் இருக்கத்தான். தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான்.

"டாக்டர், இதுக்கு எத்தனை மடங்கு லென்ஸ் வாங்கலாம்?"

கேட்டபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"லென்ஸ் பெரிசாக்கிக் காட்டும் சார். பார்க்குற இடமே போயிடுச்சுன்னா எதைப் பெரிசாக்குறது?" என்றார் டாக்டர், மெதுவாக. "இடது கண்ணையும் கவனிச்சுக்கணும். அதுலயும் திரை மெலிஞ்சுதான் இருக்கு. வரும்னு சொல்லல, வராதுன்னும் சொல்ல முடியாது."

ஊசி போடும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் பதினஞ்சு நாள்னு சொன்ன?" என்றேன்.

"அந்தப் பொண்ணு முன்னால நீங்க தலை குனியணுமா? உண்மையைச் சொன்னா மட்டும் போனது வந்துடப் போகுதா?"

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பெரிய டாக்டர் யாரையாவது பார்க்கலாம் என்றேன். உன் தம்பிக்குப் போன் போடுகிறேன், அவனுக்கு யாரையாவது தெரியும் என்றேன். போனைக் கையில் எடுத்தேன்.

"கொஞ்சம் சும்மா உக்காருங்களேன்."

"ஏதாவது பண்ணணும்ல?"

"எட்டு மாசமா பண்ணிக்கிட்டுதானே இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குப் பழக்கமான வேலை அது. அவள் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"காது ரெண்டும் தெரியுது. சட்டைக் காலர் தெரியுது. நடுவுல ஆளைக் காணோம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. கையை எடுத்துவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஒவ்வொரு தடவை சொன்னப்பவும் லென்ஸை வாங்கி வாங்கிப் பார்த்தீங்க. ஒரு தடவை என் கண்ணைப் பார்த்திருக்கலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

நர்ஸ் கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டாள். இருவரும் எழுந்தோம். "கூட வந்தவங்க வெளியவே இருங்க" என்றாள் நர்ஸ். இவள் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் பயம் இருந்தது.

"கண்ணுல ஊசி போடுறது வலிக்குமாங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.