அப்பாவைத் தள்ளிப்போட்டோம்

ஆலோசகரின் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் கிடக்கும். பேசும்போது அது பல்லில் பட்டு டக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தயார் செய்து தருவதுதான் அவர் தொழில். சுவர் முழுக்க அவர் உள்ளே தள்ளிவிட்ட பிள்ளைகளின் சிரித்த முகங்கள். மிட்டாயைத் தொட்ட ஈர விரலால் என் தாள்களைப் புரட்டினார். நுழைவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பள்ளியில், பதினொன்றாம் வகுப்பில், அறுபதைத் தாண்டவில்லை.

"டெஸ்ட்ல அவ்ளோ, ஸ்கூல்ல இவ்ளோதானா? ஏன் பாப்பா?"

"போரடிச்சுது சார்."

அதுதான் உண்மை. பாதி மார்க் வீட்டுப்பாடத்துக்கு. முதல் மாதத்திலேயே புத்தகத்தை முடித்துவிட்டவள், தெரிந்ததையே மறுபடியும் எழுதி, ஓரத்தில் கலர் கோடு போட்டுக் கொடுக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"அப்படிச் சொன்னா திமிர் பிடிச்ச பொண்ணுன்னு நினைப்பாங்க. இல்ல சோம்பேறின்னு. ரெண்டுக்கும் சீட் கிடையாது." டக். "வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அவள் நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைப் பொடி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுரண்டிக்கொண்டே, "இவங்கப்பா தவறிட்டார்," என்றாள்.

ஆலோசகரின் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே சுதாரித்துக்கொண்டு வருத்தத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"அடடா. எப்போ?"

"இவ பத்தாவது சேர்ந்த புதுசுல. ஹார்ட் அட்டாக்."

பத்தாம் வகுப்பு மார்க்கைத் தேடி எடுத்தார். மிட்டாய் சத்தம் நின்றது. அந்த வருடம் வகுப்பில் நான்தான் முதல். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா இல்லை என்பதால், புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் இருந்த வருடம் அது.

"ஒத்து வரலியே மேடம். அப்பா தவறின வருஷம் முதல் மார்க், அடுத்த வருஷம் கம்மி மார்க்குன்னா யார் நம்புவா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"நாங்க பொய் சொல்லலியே," என்றேன்.

"அதான் பிரச்சினையே. ஒண்ணும் வேணாம், அப்பாவை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுடுவோம். பதினொண்ணாவதுல தவறினார்னு. துக்கத்துக்கு யார் ரசீது கேக்கப் போறா?"

மேசை நாற்காலியைத் தள்ளிப்போடுகிற மாதிரி சொன்னார். அம்மா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். என் பையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"சரி சார். அப்படியே பண்ணிடலாம்," என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு அசிங்கமா இல்லியாம்மா?"

"இந்த சீட் போச்சுன்னா நீயும் என்கூட உக்காந்து லென்ஸ் தேய்க்கப் போற. அது அசிங்கமா இல்லியா?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்கப்பா எங்க கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன். ஒரு வருஷம் லேட்டா செத்தார்னு சொன்னா குடி முழுகிடாது," என்றாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு' என்றாகிவிட்டது. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்தவர் வீட்டில் ஒழுகின குழாயைச் சரிசெய்யவே இல்லை. அது இன்றைக்கும் ஒழுகுகிறது. ஆனாலும் அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கட்டுரையை மூன்று முறை திருப்பி எழுத வைத்தார் ஆலோசகர். அப்பா லிஃப்டுக்குள் நின்றபடியே சரிந்து போனார் என்று, நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தேன். "லிஃப்ட் எடுபடாது பாப்பா. ஆஸ்பத்திரி போடு. கையைப் பிடிச்சுக்கிட்டு 'நல்லா படி'ன்னு சொன்னார்னு போடு," என்றார். அப்பா என்னைப் படி என்று சொன்னதே இல்லை. ஆனாலும் போட்டேன். எழுதி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மிட்டாய் வாசனை போன மாதிரி இல்லை.

நேர்காணலில் இரண்டு பேர். ஒருவர் தாளை விட்டுத் தலை நிமிரவே இல்லை. இன்னொருவர் வயதான அம்மையார், மெல்லிய குரல். ஆஸ்பத்திரி பற்றி என்ன கேட்டாலும் சொல்ல மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பத்தாவதுல முதல் பரிசு வாங்கியிருக்கியே. பரிசளிப்புக்கு அப்பா வந்திருந்தாராம்மா?"

சாவைத் தள்ளிப்போட்ட எங்களுக்கு, நடுவில் ஒரு வருடம் அப்பா உயிரோடு இருந்தாக வேண்டும் என்பது தோன்றவே இல்லை. மூன்று முறை திருத்திய ஆலோசகருக்கும் தோன்றவில்லை. உண்மையில் பரிசளிப்பு அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் இருந்தது.

"வந்தார்," என்றேன். "லேட்டா வந்தார். என்னைக் கூப்பிட்டு முடிஞ்சப்புறம். கையெல்லாம் கிரீஸ். கடைசி வரிசையில நின்னுக்கிட்டு, வேற யாருக்கோ பரிசு குடுக்கறப்போ எனக்குன்னு நினைச்சுக் கை தட்டினார்."

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. நாக்கு கூசவில்லை. இனித்தது. ஆலோசகரின் ஈர விரலைவிட, மலர்ந்த முகத்தைவிட, எனக்கு அருவருப்பாக இருந்தது அந்த இனிப்புதான். இன்னும் ரெண்டு கேள்வி கேட்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தேன்.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வகுப்பு ஆரம்பிக்கறப்போ பாக்கலாம்மா," என்றார்.

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"பரிசளிப்புக்கு அப்பா வந்தாரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"வந்தார்னு சொன்னேன். லேட்டா வந்தார்னு." அவளும் முகம் மலர்வாளோ என்று பார்த்தேன். மலர்ந்தால் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன். "சீட் கிடைச்ச மாதிரிதாம்மா," என்றேன்.

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"எந்தச் சட்டை போட்டிருந்தார்?" என்று கேட்டாள்.