பசுமை ஃபண்டில் துப்பாக்கிக்கு இடமில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. அக்கா என் மேஜைமேல் தூக்கிப் போட்டாள். எண்பத்து நான்கு பக்கக் கையேடு, அட்டையில் ஒரு பச்சை இலை. உலகம் முழுக்கத் தேடி, பூமியைக் கெடுக்காத கம்பெனிகளின் பங்குகளாகப் பார்த்து வாங்கும் ஃபண்டாம். நீண்டகால முதலீட்டாளர்களுக்கு மட்டும்.

எக்ஸ்ரே அறையில் முப்பத்தோரு வருடம் நின்றவள் அக்கா. ஓய்வுபெற்று வந்த பணம் மொத்தமும் இதில் போகப்போகிறது.

"அஞ்சு மணிக்கு ஏஜென்ட் வர்றார். போடலாமா வேண்டாமான்னு படிச்சுச் சொல்லு."

"அக்கா, நான் கொலைக்கதை எழுதறவன்."

"அதனாலதான் கேக்கறேன். எவன் ஏமாத்தறான்னு உனக்குத்தான் முதல் பக்கத்துலயே தெரியுமே."

2

கதையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் புரியும். ஆகவே ஆரம்பம்:

ஃபண்ட் மதிப்பீட்டாளர் லிஃப்டை விட்டு வெளியே வந்தாள். தூணுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி –

"நிறுத்துங்க சார்," என்றாள் மதிப்பீட்டாளர். (ஆமாம், என்னிடம்தான்.) "இந்த ஃபண்டோட விதிப்படி ஆயுதம் கூடாது. பக்கம் பன்னிரண்டு."

துப்பாக்கி வரியை அடித்தேன். வில்லன் சிகரெட்டைப் –

"புகையிலையும் கூடாது."

கறுப்பு ஜீப் சீறிக்கொண்டு –

"பெட்ரோல்!"

வில்லன் சைக்கிளில் தப்பினான். மணியடித்து, கை காட்டித் திரும்பினான்.*

(*பதினெட்டு வருடத் தொடர்கதை வாழ்வில் எனக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.)

3

"சரிம்மா, ஃபண்ட் நல்லதா கெட்டதா? மணி நாலரை."

மதிப்பீட்டாளர் கையேட்டின் அட்டையைக் கிழித்து இலையோடு வீசினாள். "இப்ப பாருங்க. பெரிய பங்குகள் பத்து. அதுல எட்டு சாதாரண உலக ஃபண்ட்லயும் இருக்கு. கட்டணம் மட்டும் ரெண்டு மடங்கு."

"அப்போ மோசடி!" எனக்கு உயிர் வந்தது.

"இல்லையே. எல்லாத்தையும் அறுபதாம் பக்கத்துல அவங்களே சொல்லியிருக்காங்க. மீதி ரெண்டும் உருப்படியான கம்பெனிங்க. கூடுதல் கட்டணத்துக்கு ஏத்த பலன் கிடைக்குமான்னு பதினஞ்சு வருஷம் பொறுத்தா தெரியும்."

பதினைந்து வருடம்! என் வாசகர்கள் ஏழு நாள் பொறுப்பதற்கே கடிதம் போட்டுத் திட்டுகிறார்கள்.

4

முடிவு அ: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். பதினைந்து வருடம் கழித்து, கை நிறைய – (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: போடவில்லை. பணம் வங்கியில் தூங்க, விலைவாசி – (இதையும்.)

இரண்டு முடிவிலும் அப்போது அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. கதையில் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வயது போடுவேன். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

வாசல் மணி. ஏஜென்ட்.

மதிப்பீட்டாளர் வில்லனின் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு போயே போய்விட்டாள்.

"ஏமாத்து இல்லக்கா. கட்டணம்தான் டபுள்."

"ம்." ஏஜென்ட் தந்த படிவத்தை அக்கா விரித்தாள். "இதுல ஒரு கேள்வி. எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்னு கேட்டிருக்கான். என்ன போட?" பேனாவை நீட்டினாள். "வாரா வாரம் ஊரையே காக்க வைக்கிறவன்தானே, நீயே போடு."

வாங்கிவிட்டேன். பிடியுங்கள், இப்போது பேனா உங்களிடம். கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் இருக்கிறது. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.