அடுப்புக்கு மேல் முப்பத்து நான்கு பேழைகள்

ஆகஸ்ட் மாதத்தில், கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், மாவுப் பசை தானாகக் காய்ந்துவிடும் என்று அன்னபாக்கியம் நம்பினாள். அட்டனில் பிறந்து வளர்ந்தவள் நம்பக்கூடிய விஷயமா அது? துவைத்த சேலையே மூன்று நாளாகியும் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிற ஊர். ஆனாலும் நம்பினாள். கண்டியில் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் ‘ஓர் இரவு உலர விடவும்’ என்று அச்சடித்திருந்தது. அச்சில் வந்ததை அவள் சுலபத்தில் சந்தேகிக்க மாட்டாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம். தோட்டத்துச் சின்னக் கோயிலில், அதாவது மாதாவோ முருகனோ இல்லாத, சிலுவை மட்டும் உள்ள தகரக் கூரைக் கோயிலில், பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு வாரப் பிள்ளைகள் வகுப்பு. காலையில் பாட்டு, பிறகு கதை, மத்தியானம் கைவேலை. வந்தவர்கள் முப்பத்து நான்கு பிள்ளைகள். அதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏழே பேர். மற்றவர்கள், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனபிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்தவர்கள். ஒன்பது மணிக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுப்பார்கள் என்ற செய்தியும் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியிருந்தது.

அந்தத் துண்டு ரொட்டிதான் சபைக் கமிட்டியின் கண்ணை உறுத்தியது. கோயிலை, வேலைக்குப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவாக்கிவிட்டார்கள் என்று நுவரெலியா வரை முறையிட்டார்கள். அங்கிருந்து போதகர் வேதமுத்து வந்து அன்னபாக்கியத்திடம் பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போனார். கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் செய்ததைப் பார்க்க வருவேன், வகுப்பில் பிரயோஜனம் இருந்தால் தொடரலாம், இல்லையென்றால் இங்கே ஒரு டீச்சர் தேவையில்லை. டீச்சர் வேலை போனால் கோயிலுக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையும் போகும். பிறகு நோட்டன் பிரிட்ஜில் அண்ணன் வீடுதான். அண்ணன் நல்லவர். அண்ணி வீட்டில் எச்சில் தட்டுக் கழுவுவதற்கு மட்டும் அவளுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு.

ஆகவே கைவேலைக்கு நோவாவின் பேழை, பிரளயத்தில் மிருகங்கள் சோடி சோடியாக ஏறிப் பிழைத்த கப்பல், அட்டையில். பஜாரில் கடை வைத்திருந்த ஹலீம் நானா சவர்க்காரப் பெட்டி அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார். உங்க நோவா எங்களுக்கும் நபிதான் தங்கச்சி, கொண்டு போங்க என்று சொல்லிக் கட்டுக்கு மேல் ஒரு முடிச்சும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை ஆரம்பித்தது கூத்து. பசையில் பாதியைப் பிள்ளைகள் நக்கித் தீர்த்தார்கள். மாவு மாவுதானே. அவள் பசையில் வேப்பிலைச் சாறு கலந்தாள். அதற்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நக்கியவர்கள் இருவர் இருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து முறிந்து முறிந்து விழுந்தது. செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவரும் தேயிலைக் குச்சி, மிலாறு என்பார்களே, அதைச் சன்னமாகச் சீவி உள்ளே செருகினாள். கழுத்து நின்றது. யானை பேழைக் கதவுக்குள் போகவில்லை. கதவை அறுத்துப் பெரிதாக்கினால் சுவர் சாய்ந்தது. யானைதான் கடைசியில் இளைத்தது. இதையெல்லாம் அவள் சமாளித்தாள். சமாளிக்க முடியாமல் போனது மழையைத்தான்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தபோது முப்பத்து நான்கு பேழைகளும் கோயில் வாங்குப் பலகைகளின் மேல் தொய்ந்து படுத்திருந்தன. கூரைகள் வழுக்கிக் கீழே கிடந்தன. போதாக்குறைக்கு எலிகள் மாவு ருசி கண்டு ஓரமெல்லாம் கொறித்திருந்தன.

அன்னபாக்கியம் ஒரு பேழையை எடுத்துக்கொண்டு தேயிலை ஃபெக்டரிக்கு ஓடினாள். கொழுந்து வாட்டுகிற மாடியில் எந்நேரமும் வெதுவெதுப்பான காற்று. ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கெஞ்சினாள். அவர் பேழையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும், வேப்பிலை வாசத்தோடு தேயிலை கொழும்புக்குப் போனால் என் வேலை போகும் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் நனைந்துகொண்டே திரும்பினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு ராக்காயி மகளைக் கூட்டிப் போக வந்தாள். இடுப்பில் நனைந்த படங்குச் சாக்கு, தோளில் கூடை. கோயில் வாசற்படியைத் தாண்ட மாட்டாள். அன்றைக்கும் வெளியிலேயே நின்றாள். மகள் பேச்சியம்மா, ஒன்பது வயசு, தன் பேழையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். விட்டால் விழுந்துவிடும்.

ராக்காயி அதை வாங்கி நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கா டீச்சரம்மா இம்புட்டுக் கவல? ஈர வெறக எங்க காய வைக்கிறோம்? அடுப்புக்கு மேல பரண்ல தானே. ஒரு ராத்திரி போட்டா நொறுநொறுன்னு ஆயிரும். பொகையில எலியும் ஏறாது.”

வெள்ளிக்கிழமை காலை பேச்சியம்மாவின் பேழை வந்தது. தட்டினால் சத்தம் கேட்டது. இலேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். அன்னபாக்கியம் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிள்ளைகள் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று முழுக்க எல்லாவற்றையும் மறுபடி ஒட்டி, சாயங்காலம் அவரவர் பேழையை அவரவர் கையில் கொடுத்து, அடுப்புப் பரணில் வைக்கச் சொல்லி, ஞாயிறு காலை பத்திரமாகக் கொண்டு வாருங்கள் என்று அனுப்பினாள். முப்பத்து நான்கு பிள்ளைகள், முப்பத்து நான்கு அடுப்புகள். இரண்டு நாளில் முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அது ஆடிக் கடைசி வெள்ளி என்பது அவளுக்கு நினைவில்லை.

ஞாயிறு காலை பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அம்மாமாரும் வந்தார்கள், அதுவே அதிசயம். எல்லாரும் வாசலுக்கு வெளியே தலையில் முக்காட்டோடு நின்றார்கள். பேழைகள் ஒவ்வொன்றாக வாங்குகளில் ஏறின. கல்லாகக் காய்ந்திருந்தன. இரண்டு நாள் ஈர மிலாற்றுப் புகையில் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பேழையின் நெற்றியிலும், கதவுக்கு நேர் மேலே, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு.

அன்னபாக்கியம் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கிறிஸ்தவ வீட்டுப் பேழைகள் ஏழிலும்கூட, அடுத்த வீட்டுக் காம்பரா அக்காமார் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போதகரின் கார் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. நோட்டன் பிரிட்ஜ் வீட்டுக் குழாயடி அவள் கண்முன் வந்து நின்றது. ஈரத் துணியை எடுத்தாள். கிட்ட இருந்த பேழையைத் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, கரியோடு கலந்து சிவப்பும் கறுப்புமாக இழுவிக்கொண்டது.

நிமிர்ந்தபோது பேச்சியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பேழை. வாசலில் ராக்காயியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அன்னபாக்கியத்துக்கு உடம்பு கூசிப்போனது. துணியைச் சுருட்டி மேசைக்கு அடியில் எறிந்தாள். போகிற வேலை போகட்டும், இன்னொன்றைத் தொடமாட்டேன் என்று நின்றாள்.

போதகர் வேதமுத்து மெதுவாக நடந்தார். ஒவ்வொரு வாங்காக நின்று பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. பேச்சியம்மாவின் பேழை முன்னால் நின்றுவிட்டார். இதற்கு மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“நான்தான் அழிச்சேன், ஐயா,” என்றாள் அன்னபாக்கியம். “உங்களுக்குப் பயந்து அழிச்சேன். மத்தது எதையும் அழிக்க மனசு வரல்ல. இந்தப் பேழைங்க மழையில நாசமாப் போச்சு. காய வச்சுக் குடுத்தது இந்த அம்மாமார்தான்.”

அவர் பேழையின் கரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பேழை ஏன் இவ்வளவு கறுப்பு என்று பேச்சியம்மாவிடம் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நோவா செஞ்சதும் கறுப்புத்தானே, உள்ளேயும் வெளியேயும் தார் மாதிரிக் கீல் பூசினாருன்னு டீச்சர் கதை சொன்னாங்களே என்றாள். போதகரின் வாயோரம் அசைந்தது. பிறகு வாசலுக்குப் போய், அந்தப் பொட்டு எதற்கு என்று ராக்காயியிடம் கேட்டார்.

ராக்காயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வெள்ளிக்கெழமைங்க சாமி. அடுப்புக்கு வச்சோம், அம்மிக்கு வச்சோம், கொழுந்துக் கூடைக்கு வச்சோம். எம்புள்ள கையால செஞ்சத மட்டும் எப்புடிங்க விடுறது?”

தகரத்தில் தூறல் வலுத்தது. அம்மாமாரை மழையில் நிற்காமல் உள்ளே வரச் சொன்னார் போதகர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்காயிதான் முதலில் படியேறினாள். அன்று ஜெபத்தில் அவர் மழைக்கு நன்றி சொன்னார், பிள்ளைகளுக்கு நன்றி சொன்னார், முப்பத்து நான்கு அடுப்புகளுக்கும் அவற்றில் தீ மூட்டிய கைகளுக்கும் நன்றி சொன்னார். அன்னபாக்கியம் கண்ணை மூடவில்லை. கடைசி வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போகும்வரை பார்த்தாள்.

காரில் ஏறும்போது போதகர் அவளைக் கூப்பிட்டார். கமிட்டிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கதவைச் சாத்திய பிறகு கண்ணாடியை இறக்கினார்.

“அடுத்த வருஷமும் நடத்துங்க, டீச்சர். பேழைய மட்டும் வெள்ளிக்கிழமையில குடுத்து அனுப்பாதீங்க.”

சாயங்காலம் அன்னபாக்கியம் பேச்சியம்மாவின் பேழையைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு லயத்துக்குப் போனாள். ராக்காயி பதறிப்போய்ப் பலகையைத் துடைத்துப் போட்டாள், கோப்பையில் பாலில்லாத தேத்தண்ணிச் சாயம் ஊற்றிக் கொடுத்தாள். அன்னபாக்கியம் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேழையை அவள் மடியில் வைத்தாள்.

“நான் அழிச்சது, அக்கா. நீங்களே திரும்பப் பொட்டு வச்சிருங்க.”

ராக்காயி தயங்கினாள். “இன்னக்கி வெள்ளி இல்லீங்களே, டீச்சரம்மா.”

“பரவாயில்ல. வைங்க.”

ராக்காயி எழுந்துபோய்ச் சிமிழை எடுத்து வந்தாள். சந்தனம் தீர்ந்துவிட்டிருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்துக் குங்குமத்தை மட்டும் தொட்டு, இழுவிக் கிடந்த இடத்தின் மேலேயே பெரிதாக வைத்தாள். பிறகு பேழையைத் தூக்கிப் பழையபடி அடுப்புக்கு மேல், ஈர விறகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.