நாலு விரல் கறுப்பு

ஐம்பத்திரண்டாம் வருஷம் என் வலது கை விரல்கள் எல்லாமே வெளுத்துவிட்டன. எனக்கு வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. சங்கரன்கோவில் பெண்களுக்குத்தான் அரித்தது.

"மைமூனம்மா, வளையலைத் தா, நாங்களே போட்டுக்கிடுதோம்" என்பார்கள். போடத் தெரியாமல் உடைத்துவிட்டு என் சரக்கைக் குறை சொல்வார்கள். கண்ணாடி வளையலைக் கீறல் படாமல் ஏற்ற இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பெரிய வீட்டு நெல்லையம்மாள் அக்கா மட்டும் இரண்டு வருஷமாக எப்போதும்போல் கையை நீட்டினாள். மாசிக் கடைசியில் அவள் மகள் கோமதித்தாய்க்கு வளைகாப்பு. அங்கே நான் வளையல் போட்டால் ஊரே திரும்பக் கை நீட்டும். வேறொருத்தி போட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கோயில் புற்றுமண்ணும் பூசிப் பார்த்தாயிற்று. கடைசியாகப் புளியங்குடி வைத்தியர் கார்போகரிசி என்ற விதையைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொடுத்தார்.

"தடவி, கொஞ்ச நேரம் இளவெயில்ல காட்டு. உடனே கழுவிரு. வெயிலு கூடுனா தோலு வெந்து கறுத்துரும்" என்றார்.

மூன்று மாதம் ஒருநாள் தவறாமல் தடவினேன். ஒருநாள் காலை தடவிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா அவசரமாக வந்தாள். நானும் கழுவ மறந்து அவள் கையை அமுக்கிப் பிடித்து ஒரு டஜன் ஏற்றிவிட்டேன். அவள் நேரே மிளகாய் காயும் களத்துக்குப் போய் மத்தியானம் வரை வெயிலில் நின்றிருக்கிறாள்.

பத்தாம் நாள் அக்கா தன் நாத்தனார் பிரம்மநாயகியோடு வந்தாள். பிரம்மநாயகிதான் கத்தினாள்.

"ஏட்டி, இங்கன பாரு! உன் சீக்கு எங்க மதினிக்கு ஒட்டிட்டு. வளைகாப்புப் பக்கம் வந்துராத!"

அக்காவின் கையை வாங்கிப் பார்த்தேன். புறங்கையில் என் நாலு விரலும் பதிந்திருந்தன. முதலில் சிவந்து எரிந்ததாம். இப்போது நன்றாகக் கறுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் சீக்கு வெள்ளை. இது கறுப்புல்லா! மருந்தைக் கழுவாம உங்க கையைப் புடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான் அக்கா, மன்னிச்சிருங்க, கொஞ்ச நாள்ல மங்கிரும். ஆனா ரெண்டு வருஷமா இந்தக் கையைப் புடிக்கேன், வெள்ளை ஒட்டிச்சா? ஒட்டுனது மருந்துதான்."

என் விரல்களையும் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெள்ளைக்கு நடுவே கடுகு கடுகாக நிறம் திரும்பியிருந்தது.

அக்கா தன் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வந்துரு மைமூனு" என்றாள். "கையை மட்டும் கழுவிட்டு வா."

மூன்று தரம் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன். கோமதித்தாய்க்கு இரண்டு கையும் நிறைய ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். அடுத்ததாகப் பிரம்மநாயகி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.