நாலாவது வீடு

மனைவி சத்தியபிரியா இறந்ததிலிருந்து யோகேஷின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாவு விழுந்த வீட்டில் கருமாதி வரை உலை வைப்பதில்லை. கருமாதி முடிந்த பிறகும் அவன் பற்றவைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் திருமலைச்சாமி இதைக் கவனித்திருந்தார். மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரே வரிசையில் அவருக்கு நான்கு வீடுகள். மூன்றைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகளாக்கிவிட்டார். அங்கே குடியிருந்தவர்கள் ஏற்றிய வாடகை கட்டுப்படியாகாமல் மலையிறங்கிப் போனார்கள். மிச்சம் இவன்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஷர்மிளா டீச்சரை அவரே வாசலுக்குக் கூட்டி வந்தார்.

“இதுவும் லாட்ஜ் ரூம்தான் டீச்சர். அப்படியே போட்டுக்கங்க. தம்பி சும்மா படுத்து எந்திரிக்குது.”

“சமையல் நடக்குதா?” என்றார் டீச்சர். ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் கணக்கில் ஒரு குடும்பம்.

“எங்க நடக்குது? அடுப்புல பூனைல்ல தூங்குது. ஒத்த ஆளுக்கு எதுக்கு வீடு?” யோகேஷ் பக்கம் திரும்பினார். “சீசனுக்குள்ள வெரசா காலி பண்ணிரு தம்பி. கீழ வத்தலக்குண்டுல ரூம் பாத்துத் தாரேன்.”

இன்றைக்கு லாட்ஜ் என்று பதிந்தால் நாளைக்கு இவன் குடியிருந்ததே இல்லை என்பார். யோகேஷின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்தவர். ஒரு குடும்பம் ஒரு தடவை அனுப்பப்பட்டது போதும்.

“டீச்சர், உள்ள வாங்க. அண்ணே, நீங்களும். ரெண்டு நிமிஷம்.”

சிலிண்டரைத் திறந்தான். துரு அடைத்திருந்த பர்னரை ஊதித் தட்டிப் பற்றவைத்தான். தேயிலை டப்பாவைக் கடைசியாக இறுக்கி மூடியவள் சத்தியபிரியா. கத்தி கொடுத்து நெம்பினான். மூடி தெறித்தது.

பால் இல்லாமல் கொதிக்கவைத்த சாயத்தண்ணியை டம்ளர்களில் ஊற்றி, ஒன்றைத் திருமலைச்சாமியிடம் நீட்டினான்.

“குடிங்கண்ணே. இது லாட்ஜ் டீ இல்ல.”

“ஏலே, டீ போட்டா குடும்பமாயிருமா?”

“ராத்திரி சோறும் பொங்குவேன். சந்தேகமிருந்தா வந்து சாப்பிட்டுப் போங்க.”

டீச்சர் சிரிப்பை டம்ளருக்குள் மறைத்தார். “குடும்பம்னே போட்டுக்கிறேன். எத்தன பேரு?”

அவள் போன பிறகு யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. வாயிலிருந்த டீயை விழுங்கினான்.

“ஒருத்தர். எழுதுங்க டீச்சர்.”

திருமலைச்சாமி டம்ளரோடு வாசலுக்கு நகர்ந்தார்.

“அண்ணே, டம்ளரக் குடுத்துட்டுப் போங்க. கழுவி வைக்கணும்.”