நாற்பத்தொரு தடவை

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. பெலிக்ஸ் கேட்டது வேறு. விராலிமலையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் வைத்து, "அக்காகிட்ட சொல்லவா, வேணாமாடா? நீ கதையெல்லாம் எழுதுறவன்தானே, சொல்லு" என்றான். பதில் தெரியாதபோது எழுத உட்கார்ந்துவிடுவது என் கெட்ட பழக்கம்.

முதல் தொடக்கம்: "ஆவூரில் அன்று வெயில் கொளுத்தியது. கட்டிலில் கிடந்தவரின்..." [அடித்துவிட்டேன். அன்று வெயிலா மழையா என்று எனக்குத் தெரியாது.]

இரண்டாவது: "ஒரே ஒரு விரல் மட்டும் மிச்சமிருந்த மனிதர் ஒருவர்..." [இதுவும் வேண்டாம். அந்த மனிதருக்குப் பெயர் இருக்கிறது.]

2

ஆரோக்கியமுத்து. பெலிக்ஸின் அக்கா வேளாங்கண்ணியின் கணவர். பிள்ளைகள் இல்லை. டிப்பர் லாரி ஓட்டியவர், போன வருடம் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போயிற்று. கைகால் போயிற்று. இடது ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. நினைவு தெளிவாக இருந்தது.

அக்கா கொல்லையில் துணி துவைக்கும்போதுகூட, சோப்புக் கையோடு ஓடி ஓடி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவாள்.

பெலிக்ஸ் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்ன ரோபோ வண்டிகள் செய்து ஓட்டுவது அவன் பொழுதுபோக்கு. சுவரைக் கண்டால் தானே திரும்பிக்கொள்ளும் வண்டி ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற நீலப் பலகை. எழுதிக் கொடுத்த வேலையை அலுக்காமல் செய்துகொண்டே இருக்கும். மச்சானின் விரலுக்கடியில் ஒரு பட்டன், அடுப்படியில் சத்தம் போட ஒரு பஸ்ஸர், நடுவில் இந்தப் போர்டு. ஒரு தடவை அமுக்கினால் தண்ணீர். இரண்டு அமுக்கினால் புரட்டிப் படுக்க வை. மூன்று அமுக்கினால், சும்மா வா.*

முதல் நாள் மூன்று சத்தம் கேட்டு அக்கா ஓடினாள். "என்னங்க, என்ன வேணும்?" அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மூன்று. "இங்கிட்டுதானே நிக்கிறேன்!" என்று அவள் சிரித்துவிட்டாளாம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

(* பேச முடியாதவர் 'சும்மா வா' வேண்டுமென்று எப்படிக் கேட்டார்? பெலிக்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனானாம். இதைச் சொன்னதும் மச்சான் கண்ணை மூடித் திறந்தாராம். நம்புகிறேன்.)

3

பிறகு அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை. பாதிக்கு மேல் மூன்று. எந்த நேரத்தில் தாகம் எடுக்கிறது என்று டாக்டரிடம் காட்டலாமே என, ஒவ்வொரு அமுக்கலையும் நேரத்தோடு பதிந்துகொள்ள போர்டில் ஒரு மெமரி கார்டையும் பெலிக்ஸ் சேர்த்திருந்தான். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லுமளவுக்குப் பெரிய விஷயமாக அவனுக்குப் படவில்லை.

ஒன்பது மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம், அக்கா பஸ்ஸர் வயரைப் பிடுங்கினாள். அடுப்படியிலேயே பாயை விரித்துப் படுத்தாள். நான்கு மணிக்கு எழுந்து உள்ளே போனபோது அவர் போய்விட்டிருந்தார்.

துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும், "தூக்கத்துலயே போயிட்டாக" என்றாள். பெலிக்ஸிடம் மட்டும், "ஒரு மணி நேரம் கண்ண மூடலாம்னுதாண்டா புடுங்குனேன். அவுக நல்லாத் தூங்குறத பாத்துட்டுதான் புடுங்குனேன்" என்றாள்.

அவள் பிடுங்கியது பஸ்ஸர் வயரை மட்டும்தான். போர்டுக்குப் போன கரண்ட் நிற்கவில்லை. சத்தம் போட முடியாவிட்டாலும் அது பதிந்துகொண்டிருந்தது. அடக்கம் முடிந்த சாயங்காலம் பெலிக்ஸ் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். இரண்டு இருபதிலிருந்து மூன்று பன்னிரண்டு வரைக்கும் நாற்பத்தொரு அமுக்கல்கள். பதின்மூன்று தடவை மூன்று மூன்றாக. கடைசியாக ஒரு இரண்டு.

அந்த இரண்டு 'புரட்டிப் படுக்க வை'யா, முடிக்க முடியாமல் போன மூன்றா என்று பெலிக்ஸ் என்னிடம் கேட்டான். நான் டீயைக் குடித்தேன்.

4

முதல் பிரதியில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். வயர் தானாகக் கழன்றது என்று எழுதினேன். யார் மேலும் குற்றமில்லை, வாசிப்பவருக்கும் ஆறுதல். பெலிக்ஸிடம் படித்துக் காட்டினேன்.

"வயரு தானாக் கழண்டிருந்தா நான் எதுக்குடா ஒன்கிட்ட வரப்போறேன்?" என்றான்.

இரண்டாவது பிரதியில் அக்காவைக் கொஞ்சம் கோபக்காரியாக்கினேன். "செத்தாத்தான் விடுவீங்களா" என்று அவள் கத்தி, வயரைப் பிய்த்து... [நிறுத்திவிட்டேன். அவள் கத்தினாளா என்று எனக்குத் தெரியாது. ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூடக் கத்தாமல் இருந்திருப்பாள் என்றும் நம்ப முடியவில்லை. கத்தியிருந்தாலும் அதை எழுதுகிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?]

5

முடிவுகள்.

அ) பெலிக்ஸ் கார்டை ஒடித்துக் கிணற்றில் போடுகிறான். அக்கா நிம்மதியாக இருக்கிறாள். பெலிக்ஸுக்கு நிம்மதி இல்லை. இதை எழுதிக் காட்டியபோது, "ஒடிச்சா மட்டும்? எனக்குத்தான் எண்ணிக்க மனப்பாடமாயிருச்சே" என்றான்.

ஆ) சொல்லிவிடுகிறான். அக்கா... [இந்த வாக்கியத்தை ஏழு தடவை தொடங்கினேன். "அக்கா"வைத் தாண்ட முடியவில்லை.]

இ) நடந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஆவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். நானும் பெலிக்ஸும் கடைசிப் பந்தி. அக்கா ரசம் ஊற்றினாள். மெலிந்திருந்தாள்.

"தம்பி, இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?"

"போதுங்கக்கா."

நகராமல் நின்றாள். பெலிக்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அடக்கத்தன்னைக்கு இவன் அந்தப் பட்டன் போர்டத் தொறந்து கார்டு எடுத்தத நான் பாத்தேன் தம்பி. அதுலேருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கிறான்."

பெலிக்ஸ் இலையை மடித்தான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கைகழுவ எழுந்து போனான். கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஒங்ககிட்டச் சொல்லியிருப்பான்ல. முழிச்சுக்கிட்டு என்னையக் கூப்புட்டாகளா?" என்றாள். நான் தலையாட்டினேனா, சும்மா இருந்தேனா, இப்போது நினைவில்லை. ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். அழவில்லை.

"எத்தன தடவ தம்பி?"

எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பொய் சொல்வதென்றால் எந்த எண்ணைச் சொல்வது? ஒன்று என்றால் நம்புவாளா? ஐந்து என்றால் தாங்குவாளா? அக்கா ரசக் கரண்டியோடு நிற்கிறாள். பெலிக்ஸ் திரும்பி வரவில்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.