சீராக வந்த கதவு

ரஷீதாவின் கல்யாணப் பேச்சில் எல்லாரும் நகையைப் பற்றிப் பேசினார்கள். அவளுடைய அக்கா நஃபீசா மட்டும் கதவைப் பற்றிப் பேசினாள்.

மாப்பிள்ளை சாகுல் ஹமீதின் வீடும் நஃபீசாவின் வீடும் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் இரண்டு தெருக்களில், முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. நடுவில் ஒரே சுவர். தெருவழியாகப் போவதென்றால் மாட்டு வண்டிகளையும் ரிக்‌ஷாக்களையும் ஆண்கள் கூட்டத்தையும் கடந்து சுற்றிப் போகவேண்டும். கோஷாப் பெண் அப்படி எத்தனை நாள் போவாள்?

"சுவத்துல ஒரு கதவு வச்சிக் குடுங்க. எந்தங்கச்சியத் தாரேன்" என்றாள் நஃபீசா.

உம்மா போன பிறகு ரஷீதாவுக்கு உம்மாவாக இருந்தவள் அவள்தான். நாகூரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டி வந்தவளும் அவள்தான். சாகுல் ஹமீது சிரித்துக்கொண்டே சம்மதித்தான். சீர்வரிசையோடு ஒரு தேக்கங்கதவும் வந்து இறங்கியது.

கதவுக்கு இந்தப் பக்கம் நஃபீசாவின் அடுப்படி, அந்தப் பக்கம் ரஷீதாவின் அறை. ஏழு வருஷமாக அதற்குத் தாழ்ப்பாள் விழவில்லை. இங்கிருந்து மீன் ஆணம் போகும், அங்கிருந்து ரொட்டி வரும்.

"ஊர்ல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா உம்மா வீட்டுக்குப் போவா. எம் பொண்டாட்டி சுவத்துக்குள்ள போயிடுறா" என்று சாகுல் ஹமீது கேலி பேசுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நகரசபை ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு வந்தார்கள். இரண்டு வீட்டின் பின்பக்கத்திலும் எட்டெட்டு அடி இடித்து, நடுவே ஒரு சந்து விடப்போகிறார்களாம். மிச்சம் நிற்கும் அறைகளுக்குச் சன்னல் வைத்துக்கொள்ளலாமாம்.

"என்னத்துக்காம்?" என்று கேட்டாள் நஃபீசா.

"காத்து வேணுமாம், வெளிச்சம் வேணுமாம். சன்னல் இல்லாத ரூம்புல ஜனங்க இருமியே சாகுதாம்" என்றார் அவள் கணவர் அப்துல் கஃபார்.

ரஷீதா அப்போதே இருமிக்கொண்டிருந்தாள். நஃபீசா அதை அடுப்புப் புகை என்றாள். விறகை மாற்றினாள், கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ரஷீதா சொன்னாள்: "கதவு போனா என்ன லாத்தா, எனக்கு ஒரு சன்னல் வரும்ல? வானத்தப் பாத்துக்கிட்டே படுத்துக்கலாம்."

"அப்ப நான் வேணாம், வானம் போதும் உனக்கு. அப்படித்தானே?"

அதற்குப் பிறகு சன்னல் பேச்சையே ரஷீதா எடுக்கவில்லை.

அன்று நஃபீசா சாப்பிடவில்லை. மனைவி சாப்பிடாவிட்டால் அப்துல் கஃபாருக்குக் கடையில் கை ஓடாது. மறுநாளே, கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அம்பிகைபாகனை இங்கிலீஷில் மனு எழுத அழைத்து வந்தார். நஃபீசா திரைக்குப் பின்னால் நின்று சொன்னாள்.

"அக்காவும் தங்கச்சியும் பிரிய ஏலாது எண்டு எழுதினால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது. கோஷாப் பெண்கள் புழங்கிற வழி எண்டு எழுதுவம்" என்றார் அம்பிகைபாகன். "ரெண்டு வீட்டுக்காரரும் கையெழுத்து வைக்கோணும்."

சாகுல் ஹமீது இரண்டு நாள் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தான். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

மனு பலித்தது. இரண்டு வீடுகளையும் ஒரு வருஷம் விட்டுவைப்பதாகப் பதில் வந்தது. நஃபீசா பாத்திஹா ஓதித் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

"பாத்தியாடி, நம்ம கதவ ஒருத்தனும் தொட முடியாது!"

ரஷீதா இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

அந்த ஒரு வருஷத் தவணையின் ஒன்பதாம் மாதம் அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. "லாத்தா, அந்தக் கதவக் கொஞ்சம் நல்லாத் தொறந்து வையேன். மூச்சு முட்டுது" என்றாள்.

கதவு அகலத் திறந்துதான் இருந்தது. அதன் வழியே வந்ததெல்லாம் நஃபீசாவின் அடுப்படிக் காற்றுதான். ரஷீதா மறுநாள் போய்விட்டாள்.

தவணை முடிந்ததும் சுவர் விழுந்தது. சந்து சுத்தமாக, நேராக வந்தது. இடிக்கும் முன்பே பெயர்த்து வைத்திருந்த கதவைச் சாகுல் ஹமீது தோளில் சுமந்து, சந்தைக் கடந்து நஃபீசாவின் பின்வாசலுக்கு வந்தான்.

"உங்க வீட்டுச் சீரு மதினி. இனிமே எனக்கு எதுக்கு?"

நஃபீசாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அந்த மனுவ நான்தான் எழுதச் சொன்னேன் தம்பி. நாந்தான் அவளுக்குக் காத்து வராமப் பண்ணிட்டேன்."

"தெரியும் மதினி." அவன் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தான். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் இருந்தேன். அவதான் விடல. 'போட்டுக் குடுங்க, கதவு இல்லாட்டி லாத்தா அழுவும்'னா."

அவன் திரும்பிப் பத்து எட்டு வைத்து வீட்டுக்குள் போய்விட்டான். சந்தில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முக்காடு நழுவியதைக்கூட நஃபீசா கவனிக்கவில்லை. எதிர்ச் சுவரில் புதிதாக வைத்த சன்னல் திறந்திருந்தது. சந்து நெடுக வந்த காற்று உள்ளே நுழைந்து, காலிக் கட்டிலின் கொசுவலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.